பெயரைப் பறிகொடுத்த ஊர்

ஐயா,

ஞாயிறு இணைப்பில் தென் ஆஸ்திரேலியாவின் ஹாண்டார்ஃப் பற்றி வந்த பயணக் கட்டுரையைப் படித்தேன். தொத்திறைச்சி, பீர், பரிசுப்பொருள் கடைகள் எல்லாம் சரி. ஊரின் கதையைத்தான் காணோம். அன்றைய ஜெர்மன் அரசுகளில் ஒன்றான பிரஷ்யாவின் மன்னர் திணித்த வழிபாட்டு முறையை ஏற்க மறுத்த லூத்தரன் (புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவப் பிரிவு) குடும்பங்கள் 'ஸீப்ரா' கப்பலில் வந்து, 1839இல் அமைத்த ஊர் அது. தங்களுக்கு நிலம் கிடைக்க அலைந்து உதவிய கப்பல் தலைவர் ஹானின் பெயரையே நன்றியோடு ஊருக்கு வைத்தார்கள். ஜெர்மனி எதிரி நாடாகிவிட்ட முதல் உலகப் போரின்போது அந்தப் பெயரும் பறிபோனது. தென் ஆஸ்திரேலியாவில் 69 ஜெர்மன் ஊர்ப்பெயர்கள் மாற்றப்பட்டன. ஹாண்டார்ஃப் 'ஆம்பிள்சைடு' ஆனது. பழைய பெயர் திரும்பியது 1935இல்தான். ஊரில் பிறந்து வளர்ந்தவர்களையே ஒரே நாளில் அந்நியராக்கிய இந்த நிகழ்வைச் சொல்லாமல் அவ்வூரின் பாரம்பரியத்தைப் பேச முடியாது என்பதே என் கருத்து.

அடிலெய்டில் வசிக்கும் நான், சென்ற ஆண்டு ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவை அங்கே அழைத்துச் சென்றேன். அந்தக் காலத்துப் பெண்கள் வெண்ணெயும் முட்டையும் காய்கறியும் சுமந்துகொண்டு மலையிறங்கி அடிலெய்டு வரை நடந்தே போய் விற்றதைச் சொன்னதும், அம்மா கடைகளை மறந்து, அந்த வழி எது என்றுதான் கேட்டார். அவர்கள் நடந்த தடம் இன்றும் நடைபாதையாக இருக்கிறது. அடுத்த முறை இப்படியொரு ஊரைப் பற்றி எழுதும்போது, எங்கே சாப்பிடலாம் என்ற பெட்டிச் செய்திக்குப் பக்கத்தில் ஊர்ப்பெயரின் வரலாற்றுக்கும் ஒரு பெட்டி ஒதுக்குங்கள்.

— ஒரு வாசகர், அடிலெய்டு