முதலில் வரத்துக்காலைத் திறங்கள்: நந்தவனப் புனரமைப்புக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். ராமேசுவரம் போகும் சேதுச் சாலையோரம் இருக்கும் பழைய ஜமீன் சத்திரத்து வாசலில் நீங்கள் கட்டியிருக்கும் பதாகையைப் போன வாரம் நின்று படித்தேன். நாலு ஏக்கர் நந்தவனத்தைப் புதுப்பிக்கப் போகிறீர்கள், ஞாயிறுதோறும் ஊர்மக்களுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தோட்டப் பயிற்சி நடத்தப் போகிறீர்கள் என்று போட்டிருந்தது. படித்ததும் கண் கலங்கிவிட்டது. என் விவரம் தெரிந்த நாளிலிருந்து கவனிப்பாரில்லாமல் கிடக்கும் இடம் அது. உங்கள் முயற்சிக்கு முதலில் என் நன்றி.

எங்கள் அய்யா, அதாவது என் அப்பாவின் அப்பா, அந்த நந்தவனத்தில் மாடு பூட்டிக் கிணற்றுத் தண்ணீரைக் கமலையில் இறைத்தவர். அப்பத்தா அங்கே பூப்பறித்துக் கட்டியவர். நான் பக்கத்து ஊர்ப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

பதாகையில் வேலைகளை மூன்று கட்டமாகப் பிரித்திருக்கிறீர்கள். முதல் கட்டம், இரண்டு ஆழ்துளைக் கிணறு, சிமெண்ட் கல் பதித்த நடைபாதை, ஒரு ஏக்கர் புல்தரை, நீரூற்று. இரண்டாம் கட்டம், அலங்கார மரங்களும் விளக்குகளும். மூன்றாம் கட்டம், "நிதி கிடைப்பதைப் பொறுத்து" ஊரணி சீரமைப்பு. என் வேண்டுகோள் ஒன்றே ஒன்றுதான். அந்த மூன்றாம் கட்டத்தை முதல் கட்டம் ஆக்குங்கள். ஊரணியையும், அதற்கு மழைத்தண்ணீர் கொண்டுவரும் வாய்க்காலான வரத்துக்காலையும் இந்த மழைக்கு முன்னால் திறந்துவிடுங்கள். மற்றதெல்லாம் பிறகு பேசலாம்.

அந்தத் தோட்டம் எதற்காக உண்டானது என்று யோசித்தால் இது விளங்கும். ராமேசுவரத்துக்கு நடந்து போன யாத்திரிகர்களுக்காகச் சேதுபதிகள் காலத்தில் வழிநெடுகச் சத்திரங்கள் எழும்பின. சத்திரம் என்றால் அடுப்பு மட்டும் போதாது. குடிக்கத் தண்ணீர் வேண்டும், பூசைக்குப் பூ வேண்டும், உட்கார நிழல் வேண்டும். ஊரணி வெட்டினார்கள், அதன் கரையில் மரம் வைத்தார்கள், மிஞ்சிய தண்ணீரில் பூச்செடி வளர்ந்தது. 1914-ல் பாம்பன் பாலத்தில் ரயில் ஓடத் தொடங்கியதும் நடந்து வருகிறவர்கள் குறைந்தார்கள். 1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. அதன்பின் யாருடைய பொறுப்பு என்று தெரியாமலே காலம் ஓடிவிட்டது. இருந்தும் அய்யா கடைசிவரை தினமும் ஒரு தடவை உள்ளே போய்ச் சுற்றிவிட்டு வருவார். தோட்டத்தைக் கெடுத்தது வறட்சி இல்லை, வரத்துக்கால் அடைபட்டதுதான் என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். வரத்துக்கால் வரும் வழியில் சாலையை மேடாக்கிப் போட்டபோது அடியில் ஒரு குழாய்கூட வைக்கவில்லை. அந்த வருடம் ஐப்பசியில் மழைத்தண்ணீர் சாலையின் மேற்கே குளமாய் நின்றது, ஊரணியில் முழங்கால் அளவுக்குக்கூட ஏறவில்லை. எழுதிக் கொடுத்த மனுக்களுக்குப் பதில் வரவில்லை.

நம் ராமநாதபுரம் மாவட்டத்தில் வருடம் முழுக்கப் பெய்வது 800 மில்லிமீட்டரை ஒட்டித்தான். அதில் பெரும்பகுதி ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கொட்டித் தீர்த்துவிடும். அந்த இரண்டு மாதத்தில் பிடிக்காத தண்ணீருக்கு இன்னும் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். இப்போது ஆவணி. நேரம் அதிகமில்லை.

ஆழ்துளைக் கிணறு இருக்கிறதே என்பீர்கள். கடற்கரை மணலுக்கு அடியில் தண்ணீர் எப்படி நிற்கிறது என்பதை இங்கே ஊற்றுத் தோண்டுகிற எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்வாள். அகப்பையால் மெல்ல மெல்ல மொண்டால் நல்ல தண்ணீர். ஆத்திரப்பட்டு ஆழமாகத் தோண்டினால் உவர். மழைத்தண்ணீர் உப்புத்தண்ணீரைவிட லேசானது, அதனால் அதன்மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால், அதன் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு உவரை அது அழுத்தி வைத்திருக்கும். மோட்டார் போட்டு அந்த ஒரு அடியை உறிஞ்சிவிட்டால் கீழேயிருந்து உவர் ஏறிவிடும். ஏறியது சீக்கிரத்தில் இறங்காது. உங்கள் கிணறு உவர்த்துப் போனால் அது தோட்டத்தோடு நிற்காது, சுற்றியிருக்கிற வீட்டுக் கிணறுகளும் கெடும்.

புல்தரைக் கணக்கையும் பாருங்கள். வெயில் காலத்தில் ஒரு சதுர மீட்டர் புல்லுக்கு நாளைக்கு 5 லிட்டராவது வேண்டும். ஒரு ஏக்கருக்கு அது 20,000 லிட்டர், தினமும் இரண்டு லாரித் தண்ணீர். திருச்சிப் பக்கத்திலிருந்து குழாயில் வரும் காவிரித் தண்ணீருக்குக் குடம் வரிசைபோட்டுக் காத்திருக்கும் ஊரில், அதைப் பார்த்துக்கொண்டு யாருக்கு அந்தப் புல்லில் உட்கார மனம் வரும்?

கிணற்றைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தென்மேற்கு மூலையில் அய்யா இறைத்த கிணறு தூர்ந்து கிடக்கிறது. அதன் கரைக்கல்லைத் துடைத்துப் பாருங்கள். கமலை வடம் உராய்ந்து உராய்ந்து இரண்டு விரல் ஆழத்துக்குக் கல் தேய்ந்திருக்கும். விரலை விட்டால் கண்ணாடிபோல வழவழப்பாக இருக்கும். சின்ன வயதில் அப்பத்தா என் கையைப் பிடித்து அதில் வைத்து, "இது உங்க அய்யாவோட தடம்தான் தாயி" என்றார். அந்தக் கல்லைப் பெயர்த்துவிட்டு டைல்ஸ் ஒட்டிவிடாதீர்கள். வேறு எந்த நினைவுச் சின்னமும் அங்கே வைக்கத் தேவையில்லை.

இனி மரங்கள். உள்ளே சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது, அதை எடுத்தே ஆக வேண்டும். 2022-ல் தமிழ்நாடு அரசே இதற்கென்று ஒரு கொள்கை கொண்டுவந்திருக்கிறது. ஆனால் மேலே வெட்டிவிட்டுப் போனால் அடித்தூரிலிருந்து முன்னைவிட அடர்த்தியாகத் துளிர்க்கும், ஆகவே வேரோடு எடுக்க வேண்டும். எடுத்த இடத்தை வெறுமனே விட்டாலும் மண்ணில் கிடக்கிற விதை முளைக்கும், உடனே வேறு ஏதாவது நட்டாக வேண்டும். வெட்டும் பொறுப்பை நம்ம ஊர்க் கரிமூட்டக்காரர்களிடமே கொடுங்கள். அவர்களுக்கும் பிழைப்பு, உங்களுக்கும் செலவு மிச்சம்.

ஒரு பயம் மட்டும் எனக்கு உண்டு. ஜேசிபி ஓட்டுகிறவருக்கு முள்மரம் எல்லாம் ஒரே மரம். வடக்கு வேலியோரம் நிற்கிற ஏழு மரங்கள் சீமைக்கருவேலம் இல்லை, உடை மரம். குடை விரித்ததுபோல உச்சி தட்டையாகப் படர்ந்திருக்கும், அதனால் குடைவேலம் என்றும் சொல்வார்கள். பூ வெள்ளையாக உருண்டையாக இருக்கும், நெற்று சுருண்டு கிடக்கும். சீமைக்கருவேலத்தின் பூ மஞ்சளாகக் கதிர்போல நீண்டிருக்கும். தென்கோடித் தமிழகத்தையும் இலங்கையையும் விட்டால் உடை மரத்தை வேறெங்கும் அதிகம் பார்க்க முடியாது. இந்த மணலும் உப்புக்காற்றும் அதற்குத் தாய்வீடு. வேலை தொடங்குகிற நாளுக்கு முன்னால் அந்த ஏழு மரங்களுக்கும் சுண்ணாம்புப் பட்டை அடித்துவிடுங்கள். சொன்னால் நானும் பிள்ளைகளும் வந்து அடித்துத் தருகிறோம்.

ஊரணிக் கரையில் நிற்கிற பொந்தன்புளியையும் அப்படியே விடுங்கள். கோடையில் இலை கொட்டி மொட்டையாக நிற்பதைப் பார்த்து, "பட்டுப்போன மரம்" என்று உங்கள் பொறியாளர் குறித்துக்கொண்டதாகக் கேள்விப்பட்டேன். அது பட்டுப்போகவில்லை. ஆப்பிரிக்காவில் பிறந்த மரம் அது, அடிமரத்தில் தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொண்டு கோடையைக் கடக்கும். பூ இரவில்தான் விரியும், வௌவால் வந்து மகரந்தம் சேர்க்கும். கடல் வழியாக அரபு வணிகர்கள் கொண்டுவந்தது என்பது இங்கே வழிவழியாகச் சொல்லப்படுவது.

அலங்காரத்துக்கு வரிசையாக ராயல் பாம் வைக்கப் போகிறீர்களாம். நம்மிடம் பனை இருக்கிறது. மேற்கேயிருந்து வீசும் கச்சான் காற்று ஆனி, ஆடியில் மணலை வாரி அடிக்கும்போது பனையும் தாழையும் பூவரசும் நின்று தாங்கும். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியே அழிந்தது. அந்த ராத்திரி நந்தவனத்து மாமரங்கள் எல்லாம் சாய்ந்தன, மேற்கு வரப்பில் இருந்த பனைகளில் ஒன்றுகூடச் சாயவில்லை என்பார் அய்யா. முதலில் பனை, பூவரசு, புன்னை, கிளுவை வேலி என்று காற்றுக்குத் தடுப்பு வையுங்கள். அது எழும்பிய பிறகு உள்ளே நந்தியாவட்டை, பவழமல்லி, அரளி, மகிழம் என்று பழைய நந்தவனச் செடிகள் தானாக நிற்கும்.

பயிற்சி வகுப்பைப் பற்றித்தான் அதிகம் சொல்ல ஆசை. இரண்டு வருடத்துக்கு முன் வேறோர் இடத்தில் இப்படி ஒரு விழாவுக்கு எங்கள் பிள்ளைகளை அழைத்துப் போனேன். சித்திரை மாதம், காலை பதினோரு மணி. அறுபது கன்று, அறுபது பிள்ளை. குழி வெட்டி வைத்திருந்தார்கள், படம் எடுத்தார்கள், மிட்டாய் கொடுத்தார்கள். ஆடியில் மூன்றுதான் உயிரோடு இருந்தது. நாலாம் வகுப்புப் பிள்ளை ஒன்று பள்ளிவிட்டு வீட்டுக்குப் போகிற வழியில் தினமும் தன் பாட்டில் தண்ணீரைத் தன் கன்றுக்கு ஊற்றியிருக்கிறது. காய்ந்துபோன பிறகு அதைப் பிடுங்கி என்னிடம் கொண்டுவந்து காட்டியது. நடும்போது கறுப்புக் கவரைக்கூட யாரும் கிழிக்கவில்லை. வேர் கவருக்குள்ளேயே சுற்றிச் சுற்றி, கவரின் உருவத்திலேயே இறுகியிருந்தது. "டீச்சர், நான் தண்ணி ஊத்துனேனே" என்று அந்தப் பிள்ளை கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. உங்கள் தோட்டத்தில் எந்தப் பிள்ளைக்கும் அது நேரக் கூடாது.

வகுப்புகளை மழையை வைத்து அமையுங்கள். ஆவணி, புரட்டாசியில் பனங்கொட்டை புதைக்கச் சொல்லிக் கொடுங்கள். தையில் அதே பிள்ளைகள் வந்து கிழங்கு பிடுங்கி, அவித்துத் தின்னட்டும். பத்துக்கு ஒன்றைப் பிடுங்காமல் விட்டால் அது மரமாகிக்கொள்ளும். கார்த்திகைக் கடைசியில் மல்லிச் செடியைத் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம் விட்டு வெட்டிக் கவாத்து செய்யக் காட்டுங்கள், பங்குனியில் பூத்துக் குலுங்கும்போது அதே ஆட்களை வரச் சொல்லுங்கள். ஊரணித் தண்ணீர் கலங்கலாக இருக்கும் நாளில், தேற்றாங்கொட்டையைக் குடத்தின் உள்பக்கம் உரசிவிட்டுத் தெளிவதைப் பார்க்க வையுங்கள்.

இதையெல்லாம் சொல்லித்தர வெளியூரிலிருந்து நிபுணரை அழைக்க வேண்டியதில்லை. மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்ததை எல்லோரும் கொண்டாடினோம். அந்தத் தோட்டங்களுக்கு நாற்று போவது நம் தங்கச்சிமடம் பக்கத்து மணலிலிருந்து. குச்சி வெட்டி, பதித்து, வேர்விட்டதும் பிடுங்கிக் கட்டுக் கட்டி அனுப்புகிற பெண்கள் அங்கே இருக்கிறார்கள். அவர்களை ஆசிரியர்களாக அழையுங்கள், ஆசிரியருக்கு உரிய ஊதியமும் மரியாதையும் கொடுங்கள். அதேபோலப் பனையேறிகளையும் கூப்பிடுங்கள்.

மண்ணுக்கு உரம் வாங்கவும் வேண்டாம். ஊரணியைத் தூர்வாரும்போது வரும் வண்டல் போதும், மணலோடு கலந்துவிட்டால் ஈரம் பிடித்து நிற்கும். எருவுக்காக ராத்திரியில் ஆடுகளை வயலில் அடைத்துவைக்கும் ஆட்டுக்கிடை போட, ஆடு மேய்க்கிற நம் கீதாரிகள் தஞ்சாவூர் வரை நடந்து போகிறார்கள். அவர்களிடம் சொல்லி நந்தவனத்திலும் பத்து ராத்திரி கிடை போடச் சொல்லுங்கள். கன்று வைப்பதற்கு முன்னால் அதைச் செய்துவிட வேண்டும், வைத்த பிறகு ஆட்டை உள்ளே விட முடியாது.

செலவைப் பற்றிப் பேசினால், சாலைக்கு அடியில் குழாய் பதிக்க மட்டும்தான் அரசு அனுமதியும் பணமும் வேண்டும். மனுவை மீண்டும் எழுதி வைத்திருக்கிறேன், உங்கள் குழுவின் கையெழுத்தும் சேர்ந்தால் நகரும் என்று நம்புகிறேன். சாலைக்கு இந்தப் பக்கம் இருக்கிற கால்வாய்த் தூரை எடுக்க ஊரில் ஆள் இருக்கிறது. எங்கள் தெருவில் இருபத்திரண்டு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.

வருகிற ஞாயிறு காலை ஆறு மணிக்குச் சத்திரத்து வடக்கு வாசலில் மம்பட்டியும் கூடையுமாக நிற்போம். நந்தவனத்துச் சாவி உங்களிடம் இருக்கிறது. யாராவது ஒருவர் வந்து திறந்துவிட்டால் போதும்.

இப்படிக்கு,
அங்கே கமலை இறைத்தவரின் பேத்தி