வேடனும் தேளும்

பூம்பாறை,
தை மாதம்.

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது.

எல்லாரும் சௌக்கியம். பூண்டுத் தாள் பழுக்க ஆரம்பித்துவிட்டது. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

வேடன் உருவத்து நட்சத்திரக் கூட்டமான ஓரியனை மெல்போர்னில் 'சாஸ்பேன்', அதாவது கைப்பிடிச் சட்டி, என்கிறார்கள் என்று நீ போனில் சொன்னதிலிருந்து அம்மா சிரித்துக்கொண்டே இருக்கிறாள். யோசித்துப் பார்த்தால் அவர்கள் சொல்வது சரிதான். இங்கே நம் தலைக்கு மேலே போகிற வேடன் அங்கே தலைகீழாகத் தொங்குவான். இடுப்பில் உள்ள மூன்று நட்சத்திரங்கள் சட்டிக்கு அடி, வாள் கைப்பிடி. அவன் தோளில் சிவந்து தெரிவதுதான் நம் திருவாதிரை. போன மாதம் களி கிண்டினோமே, அது. உங்கள் நாட்டின் வடகோடியில் யோல்ங்கு என்ற பூர்வகுடிகளுக்கு அந்த மூன்றும் ஒரே ஓடத்தில் மீன் பிடிக்கப் போன அண்ணன் தம்பிகள்.

பக்கத்திலேயே கார்த்திகையைப் பார். நம் ஊர் முருகன் குழந்தை வேலப்பருக்குப் பாலூட்டி வளர்த்த ஆறு பேர். கிரேக்கர்களுக்கு அவர்கள் ஏழு சகோதரிகள், ஓரியன் துரத்துகிறான். ஆஸ்திரேலியப் பூர்வகுடிகள் பலரிடமும் அதேபோல ஏழு சகோதரிகள், பின்னாலேயே துரத்துகிற ஒருவன். ஒருவரை ஒருவர் பார்த்தே இராத ஜனங்கள் எப்படி ஒரே கதைக்கு வந்து சேர்ந்தார்கள்? எனக்குப் பிடிபடவில்லை.

அருந்ததியைத் தேடாதே. சப்தரிஷியில் வசிஷ்டரும் அவளும் உங்கள் ஊர் அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. உன் கல்யாணத்திலும் ஐயர் காலை ஒன்பது மணிக்கு மண்டபத்து விட்டத்தைத்தான் காட்டினார், அதனால் நஷ்டம் ஒன்றுமில்லை.

சொல்ல வந்தது வேறு. வைகாசியில் இருட்டும் நேரம் வேடன் மேற்கே இறங்குவான், கிழக்கே விருச்சிகத் தேள் ஏறும். அதன் நெஞ்சில் கேட்டை. வடக்கே கிரேக்கம், சீனம் பக்கம் ஒன்று ஏறும்போது மற்றது இறங்கிவிடும், இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது அரிது. தேள் கொட்டிச் செத்தவன், அதைக் கண்டால் ஓடி ஒளிகிறான் என்றார்கள் கிரேக்கர்கள். சீனர்கள் கதை வேறு. ஓயாமல் சண்டை போட்ட அண்ணன் தம்பி இருவர். பேரரசர் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருவனைக் கிழக்கே, ஒருவனை மேற்கே அனுப்பி, ஒருவனுக்குக் கேட்டையையும் மற்றவனுக்கு ஓரியனையும் பொறுப்புக் கொடுத்தார். பார்த்துக்கொள்ளவே வாய்க்காதவர்களை அங்கே இன்றும் அந்த இரண்டு நட்சத்திரங்களின் பேரால்தான் சொல்கிறார்கள். எதற்காகச் சண்டை என்று நான் படித்ததில் இல்லை. நிலமாகத்தான் இருக்கும் என்று எனக்குப் படுகிறது.

அண்ணன் நம்பர் மாறிவிட்டது. அம்மா உனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறாள். இங்கே காலை ஏழு மணிக்குள் கூப்பிடு, உனக்கு அது மத்தியானச் சாப்பாட்டு நேரம். தோட்டத்தில் இறங்கிவிட்டால் அவனுக்கு சிக்னல் கிடைக்காது.

அன்புடன்,
அப்பா