சங்ககிரி மலைக்கோட்டையில் எனக்குத் துணை நின்றவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை சங்ககிரிக் கோட்டைக்குத் தனியாக வந்த என்னைப் பத்திரமாக மேலே அனுப்பி, அதைவிடப் பத்திரமாகக் கீழே இறக்கிவிட்ட உங்களில் பலருடைய பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. ஆகவேதான் இம்மடலைப் பொதுவில் எழுதுகிறேன்.

"தீரன் சின்னமலை 1805-இல் சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிடப்பட்டார்" என்ற வரியை 28 ஆண்டுகள் வகுப்பில் சொல்லிக்கொடுத்தவள் நான். சேலத்திலேயே இருந்துகொண்டு, ஈரோட்டுப் பேருந்தில் ஏறினால் போய்ச் சேரக்கூடிய அந்தக் கோட்டையில் ஒருநாளும் கால் வைத்ததில்லை என்பது பணி ஓய்வுக்குப் பின் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. உடன் வருவதாகச் சொன்னவர்களுக்கு வேலை வந்துவிடவே, தனியாகவே புறப்பட்டேன்.

"ஏனுங்கம்மா, ஒண்டியாவா மேல போறீங்க?" என்று கேட்ட அடிவாரத்து டீக்கடை அண்ணன், என் பைச்சுமையில் பாதியை இறக்கி வைத்துக்கொண்டு, கைப்பேசி எண்ணையும் வாங்கிக்கொண்டு, நான்கு மணிக்குள் நான் இறங்காவிட்டால் தம் மகனை மேலே அனுப்புவதாகச் சொன்னார். அந்தச் சொல்தான் என்னைத் தயங்காமல் படியேற வைத்தது.

வழியில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மாவுக்கு நான் பட்ட கடன் பெரிது. தம் கைக்கோலை எனக்குக் கொடுத்துவிட்டு, மதிலில் இருந்த துப்பாக்கித் துளை ஒன்றின் அருகே என்னை நிறுத்தி, "அம்மிணி, இந்தச் சந்துல கண்ண வெச்சுப் பாரு" என்றார். உட்புறம் அகன்று வெளிப்புறம் குறுகிய அத்துளை வழியே, சற்று முன் நான் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்த அதே படித்திருப்பம் தெரிந்தது. விஜயநகர ஆட்சிக் காலத்தில் எழுந்து, திப்புவின் படை இருந்த இடமாகி, 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் சேலம், பாரமகால் (இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரம்) பகுதிகளோடு ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பெனியார் கைக்குப் போன கோட்டை இது என்று நான் பலமுறை விளக்கியிருக்கிறேன். ஆனால் ஏறி வருகிறவனை மதிலுக்குப் பின்னால் நிற்பவன் எப்படிப் பார்த்திருப்பான் என்பதை அந்த அம்மாதான் எனக்குக் கற்றுக்கொடுத்தார்.

உச்சியில், சின்னமலையைத் தூக்கிலிட்டதாக ஊரார் காட்டும் இடத்தில் நின்றிருந்த கல்லூரித் தம்பிகள் நால்வரும், நான் ஆசிரியை என்று அறிந்ததும் கதை கேட்டார்கள். காவிரிக்கரையிலும் ஓடாநிலையிலும் அரச்சலூரிலும் அவர் கும்பெனிப் படையை எதிர்த்ததைச் சொல்லி முடித்தபோது, அவர்களில் ஒருவர், "கூடப் பொறந்தவங்களையும் சேர்த்துத்தானுங்க டீச்சர் தூக்குல போட்டாங்க" என்று மெதுவாகச் சொன்னார். பாடத்தை முடிக்கும் அவசரத்தில் அத்தனை ஆண்டுகளும் நான் விட்டுவிட்ட செய்தி அது. தம்பி, உங்களுக்கு என் தனிப்பட்ட நன்றி.

இறங்கும்போது, கல் பெயர்ந்திருந்த ஒரு படியில் என் வலது கணுக்கால் பிசகியது. அதே தம்பிகள்தாம் துண்டை நனைத்து இறுகக் கட்டி, இருவர் தோள் கொடுக்க, ஒருவர் முன்னே ஒவ்வொரு படியாகப் பார்த்துச் சொல்ல, என்னை அடிவாரம் சேர்த்தார்கள். டீக்கடை அண்ணனின் மனைவி என்னோடு ஆட்டோவில் ஏறி, எக்ஸ்ரே எடுத்து எலும்பு முறியவில்லை என்று மருத்துவர் சொல்லும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவ்வளவு நேரம் காத்திருந்த ஆட்டோக்காரரோ காத்திருப்புக்குக் காசு வேண்டாம் என்று மறுத்துவிட்டார்.

கால் வீக்கம் இப்போது வடிந்துவிட்டது. ஆடி 18 அன்று சின்னமலைக்கு மரியாதை செலுத்த மீண்டும் வருவேன். கைக்கோலை அன்று அந்த அம்மாவிடம் நேரில் தருகிறேன். தம்பியின் பச்சைக்கரைத் துண்டைத் துவைத்து மடித்து, டீக்கடைக்கு அனுப்பியிருக்கிறேன். வந்து வாங்கிக்கொள்ள வேண்டுகிறேன்.

நன்றியுடன்,
ஓய்வுபெற்ற சமூக அறிவியல் ஆசிரியை,
அம்மாபேட்டை, சேலம்.