நனைக்காத வெட்டிங் ஆயில் பற்றிய புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மதுரையில், துணியில் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்கி வெள்ளைப் பொட்டு வரவைக்கிற சுங்குடிச் சேலைக்குச் சாயம் போட்டுப் பிழைக்கிறவன் நான். சாயம் ஏறத் துணியைச் சீக்கிரம் நனையவைக்கும் என்று உங்கள் வெட்டிங் ஆயில் 5 லிட்டர் கேன் வாங்கி, 18 சேலை பாழாகி, ஒன்றரை மாதமாக அலைகிறேன். போனில் ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோய்த்தான் இதை எழுதுகிறேன்.

கெட்டுப்போன சேலையோடு கப்பலூரில் இருக்கும் உங்கள் குடோனுக்கு மூன்று தடவை வந்தேன். மூன்றாவது தடவை, உச்சி வெயிலில் இரண்டு மணி நேரம் வாசலில் நிற்கவைத்துவிட்டு, உங்கள் விற்பனைப் பிரதிநிதி சேலையைக் கையில்கூட வாங்காமல், "துணியைத் தண்ணியில போட்டா நனையத்தான் செய்யும். உங்களுக்குச் சாயம் போடத் தெரியல" என்றார். என் அப்பா காலத்திலிருந்து செய்கிற தொழில் ஐயா இது. 2005-இல் புவிசார் குறியீடு வாங்கிய சேலை. தொழில் தெரியவில்லை என்று அந்தப் பையன் சொல்வதா?

பருத்தியில் இயற்கையாகவே மெழுகு உண்டு. வெளுக்காத காடாத் துணியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் தாமரை இலைத் தண்ணீர்போல உருண்டு நிற்கும். கஞ்சியும் மெழுகும் போக அவித்த பிறகும், முடிச்சுப் போட்ட இடத்தில் துணி சுருங்கி உள்ளே காற்று அடைத்துக்கொள்ளும். தண்ணீருக்குத் தன்னைத்தானே இழுத்துப் பிடிக்கிற குணம் அதிகம். அதைத் தளர்த்தி மடிப்புக்குள் பரவவைக்கத்தானே வெட்டிங் ஆயில்? தயாரிக்கிற உங்களுக்குத் தெரியாததா!

நானே சோதித்தேன். ஒரே துணியில் மூன்று சொட்டு. பழைய கம்பெனி ஆயில் கலந்த சொட்டு 3 விநாடியில் பளபளப்பு மறைந்து பரவிவிட்டது. வெறும் தண்ணீர் 40 விநாடி நின்றது. உங்கள் ஆயில் கலந்ததும் அதே 40தான். அப்புறம் போனில் பேசிய உங்கள் அலுவலக அம்மா, மதுரை போர் தண்ணீர் உப்பு என்றார். சரி என்று கேன் தண்ணீர் வாங்கிக் கலந்து பார்த்தேன், மாற்றமே இல்லை. உப்புத் தண்ணீருக்கும் ஏற்றது என்று கேனில் அச்சடித்திருப்பதே நீங்கள்தான்.

முடிச்சை அவிழ்த்தபோது வயிறு எரிந்தது. மிளகு அளவு நிற்க வேண்டிய வெள்ளைப் பொட்டு, சுற்றிலும் சாயம் ஏறாமல் எட்டணாக் காசு அளவுக்குத் திட்டாக நிற்கிறது. ஒவ்வொரு சேலையிலும் ஆயிரக்கணக்கான முடிச்சு, வீட்டுப் பெண்கள் நகத்தால் கிள்ளி நூல் சுற்றிப் போட்டது. அவர்களுக்குக் கூலி கொடுத்தாயிற்று. கல்யாண ஆர்டர் போய்விட்டது, முப்பது வருஷப் பேரும் அதோடு போய்விட்டது. இனி எவன் என்னை நம்பிச் சேலை கொடுப்பான்?

தங்கள் நிறுவனத்தின் மேல் எனக்குப் பகை இல்லை. தயவுசெய்து விவரம் தெரிந்த ஒருவரைப் பட்டறைக்கு அனுப்புங்கள், அவர் முன்னால் சொட்டு விட்டுக் காட்டுகிறேன். கேன் விலையும் 18 சேலைக்கான நஷ்டமும் வேண்டும். அந்தப் பிரதிநிதி என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

தொழிலுக்கு வாங்கியவன் நுகர்வோர் ஆக மாட்டான் என்று போனில் மிரட்டிப் பார்த்தார்கள். சுயதொழில் செய்து பிழைக்க வாங்குகிறவனும் நுகர்வோர்தான் என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது. 15 நாளில் பதில் வராவிட்டால் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் புகார், பிறகு மதுரை நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு. மீதி 3 லிட்டரைக் கேனோடு மூடி, பில்லோடு பத்திரமாக வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
சுங்குடிச் சாயப்பட்டறைக்காரர்,
மதுரை