முத்து மேல இருக்கற கறுப்புப் புள்ளி

ஆசிரியருக்கு வணக்கம். போன இதழ்ல மினியேச்சர் உருவப்படங்கள், அதாவது ரொம்பச் சின்ன அளவுல வரையற ஆள் படங்கள் பத்தி வந்த கட்டுரை நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா அதைக் காப்பி பண்றதுக்கு "அசல்ல தெரியற கலரை அப்படியே பாத்துக் கலந்தா போதும்"னு ஒரு வரி எழுதியிருந்தாங்க பாருங்க, அதை மட்டும் என்னால ஒத்துக்க முடியல.

நானும் பொழுதுபோக்கா இந்தப் படங்களைக் காப்பி பண்றவன்தான். இங்கிலாந்து ராணி முதலாம் எலிசபெத்துக்கு வரைஞ்ச நிக்கோலஸ் ஹில்லியர்டோட ஒரு படத்தை எடுத்து, நகையில இருக்கற ஒவ்வொரு முத்து மேலயும் ஒரு கறுப்புப் புள்ளி இருக்கேனு நானும் கர்மசிரத்தையா கறுப்பு வெச்சேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, அது கறுப்பே இல்ல, வெள்ளி! வெள்ளைக் கலரைக் குமிழா வெச்சு, அது மேல துளி வெள்ளிப்பொடி வெச்சு, ஏதோ மரநாய் மாதிரி சின்ன மிருகத்தோட பல்லால தேச்சுப் பளபளப்பாக்கியிருக்கார் மனுஷன். காத்துல இருக்கற கந்தகம் பட்டுப் பட்டு இன்னைக்குக் கறுத்துக் கெடக்கு. முகமும் அப்படித்தான், சோகை புடிச்ச மாதிரி வெளுத்துத் தெரியுதுன்னா கன்னத்துல போட்ட சிவப்புச் சாயம் வெளிச்சத்துல போயிடுச்சுனு அர்த்தம். நாம அந்த வெளுப்பையும் சேத்துக் காப்பி அடிச்சுட்டு அசல் மாதிரியே இருக்குனு சொல்லிக்கறோம்.

அதனால கண்ணை நம்பாம முதல்ல நிறமி, அதாவது கலரைக் குடுக்கற பொருள் என்னன்னு பாக்கணும். ராமன் நிறமாலைனு நம்ம சர் சி.வி. ராமன் பேர்ல இருக்கற முறையில லேசரைப் பட வெச்சுப் பாத்தாலே போதும், படத்தைச் சுரண்ட வேண்டியதில்ல, ஆனா இந்தச் செடி, பூச்சியில எடுத்த சிவப்புச் சாயங்கள் மட்டும் அதுக்கும் லேசுல புடிபடாது.

கண்டுபுடிச்சாத்தான் திரும்பச் செய்யவும் முடியும். பழைய ஓவியர்கள் போட்ட ஒரு மஞ்சள் 1750 வாக்குல வழக்கொழிஞ்சு மறந்தே போச்சு, 1941ல ஜெர்மனியில ரிச்சர்ட் யாகோபிங்கறவர்தான் அதுல ஈயத்தோட வெள்ளீயமும் இருக்குனு கண்டுபுடிச்சார். ரெண்டோட ஆக்சைடையும் கலந்து 700 டிகிரி செல்சியஸ் பக்கம் சுட்டா அந்த மஞ்சள் வருது, சூட்டை ஏத்தி இறக்கினா மஞ்சளோட சாயலும் மாறுது.

இதைப் படிச்சுட்டு யாராவது வீட்ல ஈயத்தைச் சுடப் போறாங்க சார், அது விஷம். அடுத்த இதழ்ல அதையும் ஒரு வரி போட்டுடுங்க.

இப்படிக்கு,
உங்க வாசகன்