கருவிப்பெட்டியை எடைக்குப் போடாதே

அன்புள்ள வசந்தா,

நலம். நீயும் நலமென்று உன் கடிதத்தின் முதல் இரண்டு பக்கங்களிலிருந்து தெரிந்துகொண்டேன். மூன்றாம் பக்கத்தில், சுவருக்கு வண்ணம் அடித்த கதைக்கும் லலிதாவின் புது மூக்குக்கண்ணாடிக்கும் நடுவில், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறாய்: அவருடைய கருவிப்பெட்டி துருவேறிக் கிடக்கிறது, இந்த மாதம் பழைய இரும்புக்குப் போட்டுவிடப் போகிறேன் என்று. போடாதே. ஏற்கெனவே போட்டிருந்தால் கடிதத்தை அப்படியே கீழே வைத்துவிட்டுப் போய்த் திருப்பி வாங்கிக்கொண்டு வா. மீதியைப் பிறகு படிக்கலாம்.

வந்துவிட்டாயா? சரி.

எட்டு மாதமாக ஏன் பதில் இல்லை என்று கேட்டிருக்கிறாய். அதற்கும் அந்தப் பெட்டிக்கும் சம்பந்தம் உண்டு. நான் இரும்படிக்கிறேன். கொல்லைப்புறத்தில் உலை மூட்டி, இரும்பைப் பழுக்கக் காய்ச்சி, சுத்தியலால் அடிக்கிறேன். சிரித்துவிட்டு வா, காத்திருக்கிறேன். இந்த வீட்டில் எல்லோரும் சிரித்து முடித்துவிட்டார்கள். "இரும்படிக்கிற இடத்தில் ஈக்கு என்ன வேலை?" என்று இவர் தினமும் ஒரு தடவையாவது கேட்கிறார். ஈ நான்தான். ஆய்வுக்கூடத்தில் புன்சன் அடுப்பைப் பற்றவைக்க உன்னைக் கூப்பிட்டவள் நான் என்பதை நீ வேறு இவரிடம் எப்போதோ சொல்லிவைத்திருக்கிறாய். அதுவும் அவ்வப்போது வெளியே வருகிறது.

தொடங்கியது ஒரு கொக்கியில். பூந்தொட்டி மாட்டக் கடையில் வாங்கிய கொக்கி பத்தே நாளில் நிமிர்ந்துபோய்த் தொட்டியைக் கீழே போட்டது. நாமே ஒன்று வளைத்தால் என்ன என்று நினைத்தேன், அவ்வளவுதான். இரும்பு பிடித்த கையும் சிரங்கு பிடித்த கையும் சும்மா இராது என்று உன் அம்மா நம் இருவரையும் பார்த்துச் சொல்வாரே, அது சத்தியமான வார்த்தை.

உலை என்றதும் பெரிதாக நினைக்காதே. நம் கல்லூரி நோட்டுகளை வைத்திருந்த மேசை உடைந்ததும் அதன் இழுப்பறை மட்டும் மிஞ்சியது. அதில் களிமண்ணும் மணலும் பிசைந்து நிரப்பினேன். நடுவில் இரண்டு கைகளையும் சேர்த்து ஏந்தினால் எவ்வளவு பள்ளமோ அவ்வளவு குழி. பக்கத்திலிருந்து ஓர் அங்குலக் குழாய் குழியின் அடிக்கு மூன்று விரல் மேலே வந்து நுழைகிறது. மறுமுனையில், துருத்திக்குப் பதில், மகள் வேண்டாமென்று விட்டுப்போன ஹேர் டிரையர். சூடில்லாத காற்றில் வைத்தால் போதும். மண் நன்றாகக் காயும்வரை காத்திருக்க வேண்டும். நான் காத்திருக்கவில்லை. முதல் மூட்டத்திலேயே பாளம் பாளமாக வெடித்தது.

கரி, விறகுக் கரிதான். கரித்தூளைப் பசை சேர்த்து உருட்டி விற்கிற கட்டிகள் சாம்பலைக் கக்கிக் குழாய் வாயை அடைத்துவிடுகின்றன. விறகுக் கரியை எலுமிச்சை அளவுக்கு உடைத்துப் போட்டால் சுத்தமாக எரிகிறது. ஆனால் அந்த ஹேர் டிரையரின் ஊதலைக் கரி தாங்கவில்லை, பொறியாகக் கிளம்பிப் பறந்தது. கடைசியில் குழாயோடு ஒட்டிப் பொருத்தாமல் இரண்டு விரல் தள்ளி வைத்தேன். காற்று கூட வேண்டுமானால் நெருக்குவது, குறைய வேண்டுமானால் நகர்த்துவது.

நெருப்பிலும் இடம் பார்த்து வைக்க வேண்டும். குழாய் வாயருகே காற்று மிச்சமாக இருப்பதால் இரும்பு செதில் செதிலாகத் தன்னையே தின்றுகொள்கிறது. அதற்கு மேலே, கனிந்த கரி அடர்ந்திருக்கிற வயிற்றுப் பகுதியில் கம்பியைக் குத்தாமல் படுக்க வைக்க வேண்டும். ஒரு நாள் தொலைபேசியில் லலிதா பிடித்துக்கொண்டாள். நான் திரும்பி வந்தபோது கம்பியின் முனை மத்தாப்பு மாதிரி பொறி விட்டுக்கொண்டிருந்தது. பொறி விட்ட இரும்பு கருகின இரும்பு. வெட்டி எறிவதைத் தவிர வழியில்லை. லலிதாவிடம் இதைச் சொல்லாதே, அதற்கும் ஒரு மணி நேரம் பேசுவாள்.

இனி சொல்லப்போவதைச் சிரிக்காமல் படி. முதலில் வைத்த குழாய் ஜி.ஐ. குழாய். பளபளவென்று இருந்தது, கையில் கிடைத்தது, வைத்துவிட்டேன். அதன்மேல் இருப்பது துத்தநாகப் பூச்சு. துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். உலையின் நடுவில் அதைவிடச் சூடு மிக எளிதாக ஏறும். வெள்ளையாகப் புகை வந்தது, பஞ்சு போல ஏதோ குழாய் வாயில் படிந்தது. ஈரக் கரி போலிருக்கிறது என்று குனிந்து ஊதிக்கொண்டிருந்தேன். அன்று இரவு வாயெல்லாம் உலோகச் சுவை, தாகம், பிறகு கட்டிலே ஆடுகிற மாதிரி குளிர். இவர் இரண்டு போர்வை போர்த்திவிட்டு விடியும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஈயைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. உலோகப் புகைக் காய்ச்சல் என்றார் மருத்துவர். ஒன்றிரண்டு நாளில் தணிந்துவிடும், ஆனால் அளவு மிஞ்சினால் நுரையீரலையே கெடுத்துவிடும் என்றார். இப்போது முலாம் இல்லாத கறுப்புக் குழாய். பூச்சு உள்ள எதையும் நெருப்பில் வைப்பதில்லை. கூரைக்குக் கீழே உலை மூட்டுவதும் இல்லை, கரியிலிருந்து வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனைகூடக் கிடையாது. இதை உனக்கு எழுதினால் என்ன சொல்வாய் என்று தெரியும். ஆகவே எழுதவில்லை. மௌனத்துக்கு முதல் காரணம் இது.

இரண்டாவது காரணம் இன்னும் மோசம். நம் பயணத்துக்கென்று இருவரும் சேர்த்துக்கொண்டிருந்தோமே, அதில் என் பங்கைத் தொட்டுவிட்டேன். தொட்டது பட்டடை வாங்க, அதாவது இரும்பை மேலே வைத்து அடிக்கிற கட்டை. கொம்பும் குதிகாலுமாகப் படத்தில் பார்க்கிற மாதிரியே ஒன்று, புதுசு, நீல வண்ணம் பூசியது. மூன்றாம் நாள் விளிம்பு பிஸ்கட் போலப் பெயர்ந்து விழுந்தது. முழுக்க வார்ப்பிரும்பு! வாங்குமுன் ஒரு எஃகு பேரிங் குண்டை அதன் முகத்தில் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். நல்ல பட்டடை குண்டைத் துள்ளித் திருப்பி அனுப்பும், வார்ப்பிரும்பு சோம்பலாகத் தட்டிவிட்டுச் சும்மா இருக்கும். இன்றைக்கு நான் அடிப்பது ஒரு லாரி அச்சின் துண்டில். மரக்கட்டையில் குழி தோண்டிச் செங்குத்தாக நட்டிருக்கிறேன். முகம் உள்ளங்கை அளவுகூட இல்லை. ஆனால் அடி விழுகிற இடத்துக்கு நேர் கீழே அத்தனை எடையும் நிற்பதால் வாங்கிக்கொள்கிறது. உயரம், கையைத் தொங்கவிட்டு முஷ்டி பிடித்தால் கணுக்கள் எங்கே நிற்கிறதோ அங்கே. இதற்கு ஆன செலவு அந்த நீலப் பொம்மையின் செலவில் இருபதில் ஒரு பங்கு இருக்காது. அது இப்போது கதவு சாத்தாமல் இருக்க முட்டுக்கொடுக்கிறது. என் பங்கைக் குளிர்காலத்துக்குள் நிரப்பிவிடுவேன். பயணம் தள்ளிப்போகாது, சத்தியம்.

குறடு பற்றிக் கேட்பாய். இரண்டடி நீளக் கம்பியாக எடுத்துக்கொண்டால் மறுமுனையை வெறுங்கையிலேயே பிடிக்கலாம், குறடே வேண்டாம். சுத்தியல் ஒரு கிலோவுக்குள். பெரியதாக எடுத்தால் வேகமாக வேலை நடக்கும் என்று நான் எடுத்த ஒன்றரைக் கிலோவின் பலன், முழங்கை இன்னும் தண்ணீர்ச் செம்பைத் தூக்கும்போது சுரீர் என்கிறது. சுத்தியல் முகத்தின் விளிம்புகளை ராவி மழுக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் அடிக்கு அடி பிறைபோலத் தழும்பு விழும். சிவப்பு மங்கிவிட்டால் அடியை நிறுத்திவிட்டு மறுபடி உலையில் வைக்க வேண்டும். இதற்குத்தான் எனக்குப் பொறுமை போதவில்லை.

முனையைக் கூராக்குவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வட்டக் கம்பியைச் சுற்றிச் சுற்றி அடித்தால் நடுவில் குழல்போல உள்ளே பிளந்துகொள்ளும். முதலில் நான்கு பட்டையாக அடித்துக் கூராக்கி, பிறகு மூலைகளைத் தட்டி எட்டுப் பட்டையாக்கி, கடைசியில்தான் உருட்ட வேண்டும். முதல் ஏழு கொக்கிகள் இது தெரியாமல் பிளந்தவை. எட்டாவது உனக்கு. இந்தக் கடிதத்தோடு வருகிறது. சற்றே கோணல்.

இப்போது உன் துறைக்கு வருகிறேன். முப்பது வருடம் பௌதிகம் சொல்லிக்கொடுத்தவளே, காந்தத்தைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாயா? பழைய சுருள்வில் ஒன்றை நிமிர்த்தி உளி செய்தேன். சூடேறுகிற எஃகின் பக்கத்தில் காந்தத்தைக் கொண்டுபோனால் ஒட்டுகிறது, ஒட்டுகிறது, 770 டிகிரி வாக்கில் திடீரென்று அன்னியமாகிவிடுகிறது. பியர் கியூரி 1895-இல், மேரியை மணந்துகொண்ட அதே ஆண்டில், ஆய்வேடு எழுதியது இந்தக் காந்த விவகாரத்தைப் பற்றித்தானாமே! காந்தம் விட்டதும் இன்னும் கொஞ்சம் நிறம் ஏறவிட்டுத் தோய்க்க வேண்டும். தோய்ச்சலில்தான் எஃகு கடினமாகிறது. நான் பச்சைத் தண்ணீரில் தோய்த்தேன். "டிங்" என்று ஒரு சத்தம், கண்ணாடி வளையல் உடைகிற மாதிரி, அவ்வளவு மெல்லிசாக. எடுத்துப் பார்த்தால் வாயிலிருந்து கழுத்துவரை மயிரிழை விரிசல். மூன்று நாள் வேலை. அன்று சாப்பிடப் பிடிக்கவில்லை. வில் எஃகுக்கு எண்ணெய்தான் சரி, அதுவும் வெதுவெதுப்பாக; தண்ணீர் வெடுக்கென்று சூட்டைப் பிடுங்கிவிடும்.

அடுத்த உளியைச் சமையல் எண்ணெயில் தோய்த்தேன். தேய்த்துப் பளபளப்பாக்கி, பின்புறத்திலிருந்து மெதுவாகச் சூடேற்றினேன். தோய்ச்சலோடு விட்டுவிட்டால் உடையும், இப்படி ஒரு சூடு காட்டினால்தான் பதம் வரும். அப்போது நிறங்கள் நடந்து வருவதை நீ பார்க்க வேண்டும், வசந்தா. முதலில் வைக்கோல் நிறம், அதைத் தள்ளிக்கொண்டு தவிட்டு நிறம், பின்னாலேயே கத்தரிப்பூ, அதற்கும் பின்னால் நீலம். ஒவ்வொன்றும் ஒரு விரல் அகலம். எண்ணெய்ப் படலத்தில் தெரிகிற அதே சங்கதிதான், உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கத்தரிப்பூ நிறம் கூர் வாய்க்கு வந்து சேர்ந்ததும் நிறுத்தினேன். எஃகை எஃகாக்குவது கரிப்பொருள், அதாவது கார்பன் என்று மூன்று பிரெஞ்சுக்காரர்கள் எழுதியதே 1786-இல்தான். அதற்குமுன் எத்தனை தலைமுறைகள் இந்த நிறங்களை மட்டும் பார்த்துக்கொண்டே பதம் போட்டிருக்கின்றன!

இனி பெட்டி.

அதில் என்ன இருக்கிறது என்று உன்னைவிட எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. உங்கள் வீட்டு ஊஞ்சலை அவர் பொருத்திய அன்று ஒவ்வொன்றாக எடுத்துக்கொடுத்தவள் நான்தான். இறுக்கிப் பிடிக்கிற வைஸ் ஒன்று, அரங்கள் ஆறேழு, உளிகள், கம்பித் தூரிகை, மரப்பிடி போட்ட சுத்தியல். அரம் நல்ல அரமாக இருந்தால் நூற்றுக்கு ஒரு பங்குக்குமேல் கரிப்பொருள் உள்ள எஃகு. தேய்ந்துபோனாலும் அதற்குள் இன்னொரு கத்தி இருக்கிறது. பற்களை மட்டும் முதலில் சாணையில் நீக்கிவிட வேண்டும், பள்ளங்களிலிருந்துதான் விரிசல் தொடங்கும். துருவைப் பார்த்துப் பயப்படாதே. வினிகரில் ஓர் இரவு ஊறவைத்து, தேய்த்து, சோடா உப்புக் கரைத்த தண்ணீரில் அலசி, உலர்த்தி எண்ணெய் தடவு. மேல்துருவாக இருந்தால் அவ்வளவில் போய்விடும்.

அந்தச் சுத்தியலின் தலை ஆடும். ஆடினால் அவர் இரவு முழுவதும் வாளித் தண்ணீரில் போட்டுவைப்பார், காலையில் இறுகிவிட்டது என்று நம் இருவரிடமும் தட்டிக் காட்டுவார். மறுவாரம் மறுபடி வாளி. அது சரியான வைத்தியம் இல்லை, வசந்தா. மரம் ஊறி உப்பும்போது தலையின் துளைக்குள் நசுங்குகிறது, காய்ந்ததும் முன்னைவிட அதிகமாக ஆடும். ஆப்பு அடித்திருக்க வேண்டும். இப்போதுதான் தெரிந்தது. அவரிடம் சொல்லியிருந்தாலும் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார். வாளியைக் காட்டி ஒரு தத்துவம் பேசியிருப்பார்.

பெட்டியை எனக்குக் கொடு என்று கேட்கவில்லை. நீ வரும்போது கொண்டுவா, ஆப்பு நான் செய்து வைத்திருக்கிறேன். நீயே அடி. பருத்திப் புடவையில் வா, நைலான் பொறி பட்டால் உருகி ஒட்டிக்கொள்ளும். உன் மூக்குக்கண்ணாடி போதாது, பக்கங்களை மறைக்கிற கண்ணாடி என்னிடம் இரண்டு இருக்கிறது. கறுப்பாகக் கிடக்கிறதே என்று எந்த இரும்பையும் தொட்டுவிடாதே. நிறம் போனபிறகும் நானூறு டிகிரி இருக்கும், என் இடது பெருவிரல் சாட்சி.

வைஸைப் பெட்டியிலிருந்து எடுத்துத் தனியாகக் கட்டு. சேர்த்துத் தூக்கினால் உன் இடுப்பு போய்விடும். எந்த வாரம் என்று மட்டும் எழுது, கரி வாங்கி வைக்க வேண்டும்.

உன்,
கோமதி

மறந்துவிட்டேன்: கொக்கியில் முதலிலேயே கனமான தொட்டியை மாட்டாதே. ஒரு பையை மாட்டிப் பார்.