பெட்ரோல் பங்கின் அடியில் இருக்கும் தொட்டிகள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பெட்ரோல் பங்குகளை எங்கே அமைக்கலாம் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020 ஜனவரியில் வழிகாட்டுதல் வெளியிட்டது. பள்ளி, மருத்துவமனை, குடியிருப்புகளிலிருந்து 50 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். இடமே இல்லையென்றால் கூடுதல் பாதுகாப்போடு 30 மீட்டர். நல்லதுதான். ஆனால் அது புதிதாக வரும் பங்குகளுக்கு. வீடுகளுக்கு நடுவே பல காலம் முன்பே புதைத்த தொட்டிகளிலிருந்து பெட்ரோல் கசிந்தால் யார் கேட்பது? அக்கம்பக்கத்து வீடுகளில் புழங்குவது போர்வெல் தண்ணீர்தானே?

பங்கில் தொட்டிக்குள் அளவுகோலை விட்டு இருப்பு பார்ப்பார்கள். கோலின் நுனியில் தண்ணீர் பட்டால் நிறம் மாறும் பசையைத் தடவி, அடியில் தண்ணீர் சேர்ந்திருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். பெரிய ஓட்டை என்றால் இதில் தெரிந்துவிடும். சொட்டுச் சொட்டாகக் கசிந்தால், ஆவியாகிப்போன கணக்கோடு அதுவும் சேர்ந்து மறைந்துவிடும்.

அந்தச் சொட்டு சாதாரணமானதல்ல. இப்போது விற்கும் பெட்ரோலில் 1 சதவீதம் வரை பென்சீன் இருக்கலாம். புற்றுநோய் உண்டாக்கும் பொருள் அது. குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். கணக்குப் போட்டுப் பார்த்தால் திக்கென்றிருக்கிறது: ஒரே ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ள பென்சீன் முழுவதும் கரைந்தால், சுமார் 8.8 லட்சம் லிட்டர் தண்ணீர் அந்த வரம்புக்கு வந்துவிடும். 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் எழுபதுக்கும் மேல்!

2013ல் தண்டையார்பேட்டையில் போர் தண்ணீரோடு எண்ணெய் வந்தது நினைவிருக்கும். அங்கே கசிந்தது தொட்டியல்ல, துறைமுகத்திலிருந்து எண்ணெய் கொண்டுவரும் நிலத்தடிக் குழாய். ஆனாலும், கசிவு வெளியே தெரிந்தது அங்கே குடியிருந்தவர்கள் வீட்டுத் தண்ணீரில்தான்.

அமெரிக்காவில் 1984லேயே இதற்குச் சட்டம் வந்தது. 1988ல் விதிகள் போட்டு, பழைய தொட்டிகளைச் சீராக்கவோ, மாற்றவோ, மூடவோ 1998 டிசம்பர் வரை கெடு கொடுத்தார்கள். கசிவைச் சுத்தம் செய்ய 1986ல் தனி நிதியும் ஏற்படுத்தி, எரிபொருள்மேல் கேலனுக்கு 0.1 சென்ட் வரி போட்டார்கள்.

இங்கேயும் பழைய தொட்டிகளுக்கு ஒரு கெடு வேண்டும். செலவை டீலர்கள் தலையில் மட்டும் கட்டாமல் எண்ணெய் நிறுவனங்கள் ஏற்க வேண்டும். குடியிருப்புக்குள் இருக்கும் ஒவ்வொரு பங்கிலும் நிலத்தடி நீரைச் சோதிக்க ஒரு கண்காணிப்புக் கிணறு போட வேண்டும். அப்புறம், தொட்டியைப் புதைத்த ஆண்டு, கடைசியாகச் சோதித்த தேதி, தண்ணீர்ச் சோதனை முடிவு ஆகிய மூன்றையும் விலைப்பலகைக்குப் பக்கத்திலேயே எழுதி வைக்க வேண்டும். தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இதைச் சென்னையின் கடலோரப் பகுதிகளிலிருந்து தொடங்கலாம். அங்கே நிலத்தடி நீர் மிக மேலேயே இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
வடசென்னை